காலுக்கு அடியில்

கைப்பையில் தூண்டில் முள் கூடாது என்று விமான நிலையத்தில் சொன்னதால் சிலுவைதாசன் முள், ஈயம், நைலான் நரம்பு எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு விமானம் ஏறினான். மஸ்கட்டில் மீன்பிடிப் படகொன்றில் வேலை. மேகத்துக்கு மேலே வந்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டான்.

“பெட்டியெல்லாம் எங்கம்மா இருக்கு?”

“கீழதான் சார். நம்ம காலுக்கு அடியில.”

சிலுவைதாசன் குனிந்து தரையைப் பார்த்தான். தூண்டிலை யாரும் தாண்டிவிடக் கூடாதென்று வீட்டில் கூரையில் சொருகி வைப்பவன். இங்கே இருநூறு பேர் அதன்மேல் செருப்போடு உட்கார்ந்திருந்தார்கள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் வேறு, போக வர மிதித்தார்கள். அவன் இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி மடக்கிக்கொண்டான்.

பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். “காலக் கீழ விடுங்க. இன்னும் மூணு மணி நேரம் இருக்கு.”

“மிதிபட்ட தூண்டிலோட கடலுக்குப் போனா திரும்ப மாட்டோம் சார். கட்டினவளக்கூட நான் தாண்ட விட்டதில்ல.”

அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார். சற்று நேரத்தில் விமானம் குலுங்கியது. சட்டென்று கீழே இறங்கி நிமிர்ந்தது. சிலுவைதாசன் திரும்பிப் பார்த்தான். பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர், ஷூ போட்ட கால்கள் இரண்டையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடித்திருந்தார்.