நடுக்கோடு

கட்டைவிரல் அசையவில்லை.

அவன் அதையே முறைத்துக்கொண்டிருந்தான். வலது காலின் கட்டைவிரல். யாருடைய விரலோ என்பதுபோல் அது பாட்டுக்குக் கிடந்தது.

செயலிழந்த கால்களை அசைய வைக்க முதுகுத்தண்டில் பதித்த கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. உலகத்திலேயே கொஞ்சம் பேருக்குத்தான் இதைப் பதித்திருக்கிறார்களாம். அதில் அவனும் ஒருவன். பெருமைக்குக் குறைச்சல் இல்லை. விரல்தான் மசிய மாட்டேன் என்கிறது.

இன்றும் அசையாவிட்டால் கருவியை எடுத்துவிடுவார்கள். அதைக் காலையில் சொன்னபோது டாக்டர் ஷைலஜா அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

"உடம்பத் தளர விடுங்க. மூச்ச மெதுவா இழுத்து விடுங்க. விரல மட்டும் நினைங்க."

நினைத்தான். மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

கட்டிலின் கால்மாட்டில் அவன் மனைவி பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலுக்கு ஒரு நூல் தள்ளி உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். தொடுவதற்கு ஏதாவது வேண்டும் என்று டாக்டர்தான் அப்படி வைக்கச் சொன்னார்.

பைக் விபத்துக்குப் பிறகு அவனைப் புரட்டிப் படுக்க வைப்பது அந்தக் கைதான். அதற்கு முன்னால் அதே கை, மாவட்டப் பெண்கள் கபடி அணியில், பாடி வந்தவர்களின் கணுக்காலை உடும்பாகப் பிடித்த கை. அந்தப் பிடியைப் பார்த்துத்தான் ஆண்கள் அணியிலிருந்த அவன் பெண் கேட்டுப் போனான்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான்.

சட்டென்று உறைத்தது. இந்தக் கால் என்றைக்கு நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு எவரைத் தொட்டிருக்கிறது?

நெஞ்சு கொள்ளும் மட்டும் காற்றை இழுத்தான்.

"கபடி கபடி கபடி கபடி..."

"ஐயோ, பேசாதீங்க," என்றார் டாக்டர்.

நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவுட்.

பூங்கோதையின் முகம் மாறியது. தோள்கள் தாழ்ந்தன. உட்கார்ந்த இடத்திலேயே அவள் களத்தில் இறங்கிவிட்டாள்.

கபடி கபடி கபடி.

விரல் நகர்ந்தது.

துளிதான். இன்னும் துளி. நகம் அவள் உள்ளங்கையைத் தொட்டது.

டாக்டர் வாய்விட்டுக் கத்தினார். நர்ஸ் கைதட்டினாள். கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போதும், போதும்! தொட்டுட்டீங்க!"

என்ன போதும்? இவர்களுக்கு ஆட்டமே தெரியவில்லை. தொட்டது பாதிதான். மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும்.

பூங்கோதைக்குத் தெரியும். அவள் சிரிக்கவில்லை. கையை ஓர் இம்மிகூட விலக்கவும் இல்லை.

கழுத்து நரம்பு புடைத்தது. கண் இருட்டியது. கபடி வெறும் முனகலாகத் தேய்ந்தது.

விரல் மடங்கியது.

பின்னால் வந்தது. வந்தேவிட்டது.

மூச்சை விட்டான். செத்துப் பிழைத்தவனைப்போல் மேல்மூச்சு வாங்கியது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பூங்கோதை எழுந்தாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாச்சு? இந்த நேரத்துல ஏன் போறாங்க?"

கண்ணீர் காதுவரை வழிய, அவன் சிரித்தான்.

"அவ அவுட்டு, டாக்டர்."