நானூறு டாலர் துப்பாக்கி

"நெய்னா, அட்டையைக் கீழ போடு. அது நானூறு டாலருக்கு மேல தேறாது. கட்டையில விரிசல் விட்டிருக்கு, பாத்தியா?"

"பாத்தேன் மதன்."

"பாத்துட்டா எண்ணூறு கேக்குற?"

நெய்னா முகம்மது ஏல அட்டையை மறுபடி உயர்த்தினான். கேட்டி என்ற ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு பழைய நெல் கிடங்கில் அந்தச் சனிக்கிழமை ஏலம் நடந்துகொண்டிருந்தது. டிராக்டர், தையல் மெஷின், குதிரைச் சேணம் எல்லாம் முடிந்து, இப்போது வேட்டைத் துப்பாக்கிகள்.

மேசையில் இருந்த துப்பாக்கி நெய்னாவின் பக்கத்து வீட்டுக் கலைமகள் ஆன்ட்டியின் கணவர் நகுலேஸ்வரன் மான் வேட்டைக்கு வைத்திருந்தது. அவர் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். ஆன்ட்டி முன்வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நெய்னா கடைசி வரிசையில், பெரிய தொப்பி வைத்த ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

"பேசாம அவங்க கையில காசைக் குடுத்துடலாமேடா," என்றான் மதன்.

"குடுத்தேனே. 'தம்பி, நான் ஒருத்தரிட்டயும் கை நீட்டுற ஆள் இல்லை' எண்டு கவரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க." நெய்னா ஆன்ட்டி மாதிரியே சொல்லிக் காட்டினான். "அவங்க கார்ல கியர்பாக்ஸ் போயிடுச்சு. மெக்கானிக் ரெண்டாயிரம் கேக்குறான். ஆஸ்பத்திரி கிச்சன்ல வேலை, விடியறதுக்கு முன்னாடி போகணும். நாங்க டிராப் பண்றோம்னாலும் ஒத்துக்கல. திங்கக்கிழமைக்குள்ள ஏற்பாடு பண்ணலேன்னா வேலையே போயிடும்."

"சரி, துப்பாக்கியை வாங்கி என்ன பண்ணப் போற?"

"வாங்கி உன் லாக்கர்ல பூட்டி வச்சிக்கலாம். நிஷாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா. பையன் உஸைருக்கு வாட்டர் கன் வாங்கிட்டு வந்ததுக்கே என்கூட ரெண்டு நாள் பேசல."

"இப்ப நிஷாகிட்ட என்ன சொல்லிட்டு வந்த?"

"வண்டிக்கு ஆயில் மாத்தப் போறேன்னு."

தொள்ளாயிரத்தில் கிடங்கில் இருந்த மற்ற எல்லா அட்டைகளும் இறங்கிவிட்டன. தலைகள் திரும்பி நெய்னாவைத் தேடின. அவன் இன்னும் குனிந்துகொண்டான்.

ஏலக்காரர் சுத்தியலைத் தூக்கியபோது, ஓரத்தில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்த பெண் கையை உயர்த்தினாள்.

"இன்டர்நெட்டில் ஆயிரம்!"

"போச்சுடா," என்றான் மதன். "உனக்கு மேல ஒரு பைத்தியம் இருக்கு."

நெய்னா ஆயிரத்து நூறு என்றான். இன்டர்நெட் ஆயிரத்து இருநூறு என்றது. ஏலக்காரர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போனார். ஆயிரத்து ஐந்நூறில் லேப்டாப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மறுபடி கை உயர்ந்தது.

"யாருடா அது?"

"எவனாவது எண்ணெய்க் கம்பெனிக்காரனா இருப்பான். டல்லாஸ்ல சோஃபாவில சாஞ்சிக்கிட்டு பட்டனைத் தட்டுவான். விடு நெய்னா, அவனே வாங்கட்டும். ஆன்ட்டிக்குக் காசு வந்தாச் சரிதானே?"

"ரெண்டாயிரம் வரட்டும், விட்டுடறேன்."

ரெண்டாயிரமும் வந்தது. இன்டர்நெட்காரர் கேட்ட விலை. மதன் எழுந்துகொண்டான். "வா, போகலாம்."

"இரு. இவங்க கமிஷன் எடுத்துக்குவாங்கல்ல? அது போக ரெண்டாயிரம் வரணுமே." நெய்னா அட்டையை உயர்த்தினான்.

"டேய், உன் தலையில விழுந்தா?"

"விழுந்தா கட்டுறேன்."

விழவில்லை. இன்டர்நெட் மேலே ஏறியது. நெய்னா இன்னொரு முறை உயர்த்தினான். "டயரும் தேஞ்சு போயிருக்கு அவங்களுக்கு. காசு உள்ளவன், கொஞ்சம் கூடக் குடுத்தா குறைஞ்சா போயிடுவான்?"

ரெண்டாயிரத்து நானூறுக்கு இன்டர்நெட் கேட்டதும் நெய்னா அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தான். சுத்தியல் விழுந்தது. கிடங்கே கை தட்டியது.

முன்வரிசையில் ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்குப் புரியுமா என்று கூட யோசிக்காமல் தமிழிலேயே சொன்னார். "சும்மா ஒரு பழைய துவக்கு எண்டுதான் நான் நினைச்சனான். அவர் நல்ல சாமானாத்தான் வாங்கி வச்சிருக்கிறார், பாருங்கோவன்."

அவர் திரும்புவதற்குள் நெய்னாவும் மதனும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் நெய்னா. "என் கையை விட்டு ஒரு டாலர் போகல. முகம் தெரியாத யாரோ ஒருத்தர் மூலமா அல்லாஹ் அனுப்பி வச்சுட்டான் பாரு."

"அந்த ஆளுக்குத்தான் பாவம், நானூறு டாலர் சாமானை இவ்வளவு குடுத்து வாங்கியிருக்கான்."

"அவருக்கும் துஆ செய்யறேன்டா."

வீட்டுக்கு வரும் வழியில் லுஹர் தொழுகையில், சொன்னபடியே அந்த மனிதருக்காகவும் துஆ செய்தான்.

தாஜ் நிஷா வாசலிலேயே நின்றிருந்தாள். ஆயில் மாற்றினானா என்று கேட்கவில்லை. குழந்தைகள் மாடியில் இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லுவேன், கத்தக் கூடாது."

"என்ன நிஷா?"

"ஏலத்துல நான் எடுத்த துப்பாக்கியைக் கையில வாங்கணும்னா நேர்ல லைசென்ஸ் காட்டி பேக்ரவுண்ட் செக் முடிக்கணுமாம், தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வர்றீங்களா? ஆன்ட்டி காருக்கு ரெண்டாயிரம் வந்தாப் போதும்னுதான் லேப்டாப்பைத் திறந்தேன், அங்க ஹால்ல உக்காந்திருந்த ஏதோ ஒரு கிறுக்கன் அதுக்கு மேலயும் ஏத்திவிட்டுட்டான்!"