நாலே முக்கால் மணித்தியாலம்

“கத்தாருல இருந்து கொழும்புக்கு எவ்வளவு நேரம் புள்ள?”

உம்மா இறால் சுத்தம் செய்துகொண்டே கேட்டார். மறுநாள் தம்பி ஹிஷாம் லீவில் வருகிறான்.

போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன். நாலே முக்கால் மணித்தியாலம்.

“கொழும்புல இருந்து சாய்ந்தமருதுக்கு எட்டு. அப்ப கத்தார்தான் கிட்ட. இவன் நாலு வருசமா வராததுக்கு ரோட்டத்தான் ஏசணும்.”

சிரித்துக்கொண்டே கையைக் கழுவப் போனார்.

காலையில் சுபஹு தொழுகைக்கு எழுப்பினேன். உம்மா எழும்பவில்லை.

வெளிநாட்டில் இருந்து வந்துகொண்டிருப்பவனுக்கு வீட்டில் இறந்தவரின் மௌத்துச் செய்தியை வழியில் சொல்வதில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் சொல்வோம். அவனை ஏற்றிவர வேனோடு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போயிருந்த காரைதீவுக் கோகுலனுக்கும் போனில் சொல்லி வைத்தோம், வாயைத் திறக்க வேண்டாம் என்று.

உம்மாவின் தம்பி மீராமுகைதீன் மாமா, மதியம் லுஹர் தொழுததும் அடக்கிவிடுவோம் என்றார். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது.

தம்பி ராத்திரி வந்துவிடுவான், நாளைக் காலை வரைக்கும் வைப்போம், அவன் ஒரு தரம் முகத்தைப் பார்க்கட்டும் என்று நான் அழுதேன்.

“அவன்ட்டக் கேளு. வைக்கச் சொன்னா வைப்பம்” என்றார் மாமா.

கேட்பதென்றால் சொல்ல வேண்டும். சொன்னால், தெரியாத ஆட்களுக்கு நடுவில், பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, அவன் அதோடு தனியாக இருப்பான். நாலே முக்கால் மணித்தியாலம்.

போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அவனே கோல் எடுத்தான். பிளேனில் ஏறிவிட்டானாம்.

“உம்மா?”

“படுத்திருக்கா.”

அவன் பக்கத்தில் யாருடைய குழந்தையோ அழுதது.

“எனக்காக உம்மாவக் காக்க வைக்க வேணாம் ராத்தா.”

அவன் வரும்வரை உம்மா சாப்பிடாமல் இருப்பதைச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஓம் என்றேன். போனை வைத்துவிட்டான்.

என்னால் கேட்க முடியவில்லை. அடக்குங்கள் என்று மாமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

லுஹருக்குப் பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். உம்மாவைச் சுமந்த சந்தூக்கு தெருமுனையில் திரும்பி மறையும்வரை யன்னலில் நின்றேன். உம்மாவின் முகத்தை அவனுக்கு இல்லாமல் செய்தவள் நான்தான்.

பின்னேரம், அஸர் நேரம் கோகுலன் கோல் எடுத்தான்.

“அக்கா, நான் ஒண்டும் சொல்லல்ல. வேன்ல ஏறினதும், அடக்கியாச்சா எண்டு அவர்தான் கேட்டாரு.”

காலையிலேயே மாமா ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஜனாஸா அறிவித்தல் போட்டிருந்தார். எல்லா அறிவித்தல்களையும் போல, பிள்ளைகளின் பெயர்களோடு. அந்தக் குழுமத்தில் ஹிஷாமும் இருக்கிறான். கோகுலன் வரைக்கும் யோசித்த எங்களுக்கு அது மட்டும் நினைவில் வரவில்லை.

அதை வாசித்த பிறகுதான் அவன் எனக்கு எடுத்திருக்கிறான்.

மூன்று கிழமை இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். அந்த அழைப்பைப் பற்றி நாங்கள் இருவரும் கதைக்கவே இல்லை.

போகும்போது எதிர்க்காற்றாம். வருவதைவிட எப்போதும் கொஞ்ச நேரம் கூடத்தான் எடுக்கும்.