லேமினேட் செய்த கடிதம்

விவசாயியும் மனைவியும் வக்கீலின் மேஜைக்கு முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அறுத்துப்போட்ட சோளம் வயலில் கிடக்கிறது. வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது. வண்டி போகும் வழியைப் பக்கத்து நிலத்துக்காரரின் மகன், அப்பா போய்ச்சேர்ந்த கையோடு கேட் போட்டுப் பூட்டிவிட்டான்.

“எத்தனை வருஷமா அந்த வழியா போறீங்க?”

“இருபத்தஞ்சு வருஷமாங்க.”

“அப்ப பயப்படாதீங்க. இருபது வருஷம் யாரையும் கேக்காம உரிமையா போய்வந்திருந்தா வழி உங்களுது.”

விவசாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி முழங்கையால் இடித்தாள். “அந்தக் கடிதத்தைக் காட்டுங்களேன்.”

பையிலிருந்து லேமினேட் செய்த தாளை எடுத்துப் பெருமையாக நீட்டினார். “அவங்கப்பா தங்கமான மனுஷர்ங்க. முதல் வருஷமே கைப்பட எழுதிக் கொடுத்தார்.”

வக்கீல் படித்தார். ‘என் நிலத்தின் வழியாக நீங்கள் போய்வர நான் சந்தோஷமாக அனுமதி தருகிறேன்.’ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அனுமதி வாங்கிப் போனா, நூறு வருஷம் ஆனாலும் அது உரிமை இல்லைங்க. அவர் தயவு, அவ்வளவுதான். அந்த மனுஷர் இப்படி எழுதித் தராம இருந்திருந்தா நாம ஜெயிச்சிருப்போம்.” குரலைத் தாழ்த்தினார். “இதை வேற யாராவது பாத்தாங்களா?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்பா கையெழுத்தைப் பாத்தாவது அந்தப் பையன் திருந்தட்டும்னு,” என்றார் விவசாயி, “அவன் வக்கீல் கையில ஒரு ஜெராக்ஸ் குடுத்துட்டுத்தான் வர்றோம்.”