உப்புக் கால்

கிட்டே வாங்க கண்ணுகளா, மானுக்கு மிக அருகில் போய்விட்ட ஒரு வேட்டைக்காரன் கதை சொல்கிறேன். மாசமாயிருந்த பொன்னுருவிக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லை; மான்கறி ஒன்றைத்தான் கேட்டாள். "காட்டுல அட்டை ஏறும்யா" என்று புருசன் மாரப்பனின் வெறுங்காலில் உப்பை அவளே அழுத்தித் தேய்த்துவிட்டாள். "இந்தத் தடவையாவது கறியோட வா. கதையோட வராத."

கைத்துப்பாக்கிக் குண்டு தூரம் போகாது. அதனால் வேங்கை மரத்தில் தாழ்வாகவே தோல் வாரைக் கட்டி, தூளிப் பிள்ளைபோல் அதில் உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கவிட்டுக் காத்திருந்தான். பொழுது சாயும்போது மான் வந்தது. நேராக வந்து அவன் வலது காலை நக்கத் தொடங்கியது. குனிந்து குறிபார்த்தால் துப்பாக்கிக்கு முன்னால் அவன் பாதம்தான் நின்றது. காலை இழுத்தால் மான் ஓடிவிடும். கூச்சம் தாங்காமல் பல்லைக் கடித்தான், கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சனியனே, நாலடி தள்ளித்தான் நில்லேன்" என்று கெஞ்சினான். இதைப் போய்ச் சொன்னால் அவள் நம்புவாளா?

மான் நிமிர்ந்து அவனை ஒருமுறை பார்த்தது. பிறகு இடது காலுக்கு மாறியது.

உங்கள் வீட்டு உப்புப் பானை என்றும் குறையாதிருக்கட்டும், கண்ணுகளா.