வீதியின் புகை

வீதிக்கு மாதம் இவ்வளவு புகைதான் என்று அளந்து கொடுக்கும் காலம் அது. மரத்தூள் புகையிலேயே கறியை வேகவைக்கும் மின் புகையடுப்பு ஒன்றை முதன்முதலாக வாங்கப் போனார் செங்கோடன்.

"புதுசாப் பழகறவங்க சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்து வாங்கிக்கங்க. இல்லாட்டி மரத்தூள் கருகிப் புகை மண்டிரும்" என்றாள் கடைப்பெண்.

"சூடு தெரியாமயா இத்தனை வருசம் சோறு தின்னேன்?" என்று சிரித்துவிட்டு, அடுப்பை மட்டும் தூக்கி வந்தார்.

ஞாயிறு காலை வைத்த கோழி கரிக்கட்டையானது. வீட்டுக்குள் எழுந்த புகை வெளியே போய், வீதிமுனைப் புகைமானியைச் சிவக்க வைத்தது. மாதம் முடியும்வரை யாரும் எதையும் மூட்டக்கூடாது என்று அது அறிவித்தது.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு ரத்தினாள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, பாப்பாவுக்கு இன்னைக்குத்தான் மொதமொதலாத் தலைக்கு ஊத்துனேன். சாம்பிராணி போட வழியில்லாமப் போச்சு. யாரு வூட்டுலங்ணா இத்தனை புகை?"

"தெரியலியே அம்முணி" என்றார் செங்கோடன்.

ரத்தினாள் அவர் சட்டையை ஒருமுறை முகர்ந்தாள். "அப்படீங்களா? சரி, சட்டையக் கழட்டிக் குடுங்ணா. அதுல மிச்சமிருக்கற புகையவாவது புள்ளைக்குக் காட்டறேன்."

குழந்தையின் ஈரத் தலையைப் பார்க்க முடியாமல், அவர் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.