நூறு வாட் பல்ப்

நியூ ஆர்லியன்ஸில் ஒரு வாரமாக விடாத மழை. ஈரக்காற்றில் மேலே இழுத்துக் கட்டிய கன்றுத்தோல் தொய்ந்துவிடும் என்று டிரம்மர் ஆல்சிட் தன் தொண்ணூறு வயதான பெரிய டிரம்முக்குள் எப்போதும் ஒரு சின்ன பல்பை எரியவிடுவான். அன்று கல்யாணக் கச்சேரி. சின்னதைக் கழற்றிவிட்டு நூறு வாட் பல்பைப் போட்டான்.

"உள்ள என்ன கண்ணு, கோழிக்குஞ்சா பொரிக்கிறே?" என்றாள் பியானோ வாசிக்கும் வெர்னா.

முதல் பாட்டு முடிந்த பிறகு டிரம் தனியாக ஒருமுறை 'தும்' என்றது.

"பாட்டு முடிஞ்சும் ஒன் காலு நிக்க மாட்டேங்குதா?" என்றாள் வெர்னா, டிரம்மை அடிக்கும் பெடலைப் பார்த்து.

"தோலு சூட்டுல விறைக்குது, அதான்."

இரண்டாவது பாட்டின் முடிவில் பெடலிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டான். தும், தும். வெர்னா அவன் காலைப் பார்த்தாள். அப்புறம் அவள் கிண்டல் செய்யவில்லை.

மணப்பெண் எழுந்து நின்று, போன மாதம் இறந்துபோன தன் அப்பாவுக்காக ஒரு நிமிடம் மௌனமாக இருக்கச் சொன்னாள். இருநூறு பேர் தலைகுனிந்தார்கள். ஆல்சிட் அவசரமாக பல்பின் வயரைப் பிடுங்கிவிட்டு, டிரம்மின் முன்னால் மண்டியிட்டுத் தோலை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான்.

சத்தம் வரவில்லை. ஆனால் உள்ளேயிருந்து ஏதோ, மடியைத் தேடும் கன்றுபோல, அவன் கையை மெதுவாக முட்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் முட்டியது.

இன்னும் அரை நிமிடம் இருந்தது. கையை எடுக்க வழியில்லை. அவன் உள்ளங்கை வெதுவெதுப்பாக நனையத் தொடங்கியது.